தொரையோட டாக்டர்

என் பாட்டி ஆறு பிள்ளை பெற்றாள். ஒரு பிரசவத்துக்கும் டாக்டர் முகத்தைப் பார்த்ததில்லை. தானா ராத்தாவிலிருந்து சில மைல் தள்ளி, தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் அவள் வாழ்க்கை. தோட்டத்தில் டிஸ்பென்சரி இருந்தது. அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'டாக்டர் ஐயா'. பாட்டிக்கு மட்டும் 'டிரெசர்'. ஏன் அவரிடம் போகவில்லை என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "அவரு தொரையோட டாக்டரு. நம்ம டாக்டரு இல்ல."

படிக்காத கிழவியின் பிடிவாதம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நாற்பத்தாறு வயதில் கருப்பையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்து, எந்த டாக்டரிடம் போவது என்று அலைந்தபோதுதான் அந்த வாக்கியம் திரும்ப வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

வில்லியம் கேமரன் 1885இல் நில அளவைக்கு வந்து போன மலை இது. தேயிலை வந்தது வெகு காலம் கழித்து. ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். 1933இல் பாரத் தோட்டம். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் தமிழ்க் குடும்பங்கள் மேலே வந்தன. கீழே ரப்பர் தோட்டங்களில் கர்ப்பிணிகளைக் கொன்ற மலேரியா இந்தக் குளிரில் அவ்வளவாக இல்லை. அதற்குப் பதிலாக இங்கே தூரம் இருந்தது. தாப்பாவுக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், அத்தனையும் வளைவு.

தோட்டத்தில் மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்ற சட்டம் தேயிலைக்கு முன்பே வந்துவிட்டது. 1920களின் லேபர் கோடில் பிரசவப் படிகூட உண்டு. இதைக் கருணை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பலில் ஆள் கொண்டுவருவதற்குச் செலவு ஆகும். லயத்திலேயே பிறந்து வளரும் பிள்ளைக்கு அந்தச் செலவு இல்லை. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை இங்கே அனுப்புவதை நிறுத்தியபோது, அந்தப் பிள்ளை இன்னும் முக்கியமாகிப் போனது. தோட்டப் பெண்ணின் வயிறு கம்பெனிக் கணக்கில் ஒரு வரி.

டிரெசர் யார்? மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த உதவியாளர். உண்மையான டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவாக ஒருவர், எப்போதாவது காரில் வந்து போவார். நடுவில் எல்லாம் டிரெசர்தான். காய்ச்சலுக்கு மருந்து அவர், புண்ணுக்குக் கட்டு அவர், யாருக்கு லீவு என்று எழுதுவதும் அவர். பாட்டியின் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. மூன்று மாதம் என்று அவரிடம் சொன்னால், அது சாயங்காலத்துக்குள் ஆபீசில் இருக்கும். மலையிலிருந்து இறக்கி லேசான வேலையில் போடுவார்கள், சம்பளம் குறையும். "வவுத்துல இருக்கறது அஞ்சு மாசம் வரைக்கும் எனக்கும் ஒன் தாத்தாவுக்கும்தான் தெரியும்" என்பாள். சீலைக்கு மேல் படங்கைச் சுற்றிக் கட்டினால் வெளியே தெரியாதாம்.

டிரெசர்களைக் குறை சொல்வதல்ல என் நோக்கம். கையில் இருந்த கொஞ்ச மருந்தை வைத்துக்கொண்டு உயிர் காத்தவர்கள் பலர். 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து, யார் அந்த வேலையைச் செய்யலாம் என்று வரையறுத்தது. ஆனால் பதிவேடு தகுதியைத்தான் சொல்லும். சம்பளம் யார் கொடுக்கிறார் என்பதைச் சொல்லாது.

டிரெசரை விட்டால் மருத்துவச்சி. ஆண் தொட வேண்டாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அது லயத்துக்கு மட்டும் உரியதல்ல, கப்பலேறி வந்த ஊரிலிருந்தே வந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார்கள் வந்து, ஆண் டாக்டர் வேண்டாம் என்று மறுத்து, மூன்று பெண்களும் இறந்த கதையிலிருந்துதான் ஐடா ஸ்கடரின் மருத்துவப் படிப்பே தொடங்குகிறது. 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் திறந்தார். அதற்கும் முன்பு, 1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மேரி ஷார்லீப், 1885இல் கோஷா ஆஸ்பத்திரி உருவாகக் காரணமானார். 1912இல் முத்துலட்சுமி ரெட்டி பட்டம் பெற்றார். பெண்கள் கேட்டது சரியான ஒன்றைத்தான்: தகுதியும் வேண்டும், கூச்சமில்லாமல் பேசவும் வேண்டும். சென்னையில் அந்த இரண்டும் ஒரே ஆளிடம் கிடைக்கத் தொடங்கிவிட்டன. எங்கள் மலையில் ஒன்று டிரெசரிடமும் மற்றது மருத்துவச்சியிடமுமாகப் பிரிந்து கிடந்தது.

அந்தப் பிரிவினைக்குப் பலியானவள் தாத்தாவின் தங்கை. எமர்ஜென்சி காலம், 1952 என்று பாட்டியின் கணக்கு. பிள்ளை சுகமாகப் பிறந்துவிட்டது. அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். வயிற்றை அமுக்கினாள், கஷாயம் கொடுத்தாள். இரவில் ஊரடங்கு, லயத்தை விட்டு வெளியே போகப் பயம். டிரெசரைக் கூட்டிவந்தபோது பாய் நனைந்திருந்தது. லாரி காலையில்தான், அதுவும் காவலோடு கான்வாயில்தான் இறங்கும். விடிவதற்குள் முடிந்துவிட்டது. பிரசவ ரத்தப்போக்கை நிறுத்தும் எர்கோமெட்ரின் என்ற மருந்தை லண்டனில் 1935இலேயே பிரித்தெடுத்திருந்தார்கள். பதினேழு வருடத்தில் அது எங்கள் லயம் வரை ஏறி வரவில்லை.

பாட்டி இதைச் சொல்லும்போது யாரையும் திட்டமாட்டாள். மருத்துவச்சியைப் பற்றி மட்டும், "கை நல்ல கைதான், ஆனா ரத்தத்துக்குக் கை போதாதே" என்பாள். அவள் மருத்துவச்சியைக் கண்மூடி நம்பியவள் அல்லள். இருந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு கம்போங்குகளில் அரசு சுகாதார நிலையங்கள் பெருகின. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அந்தத் திட்டங்களுக்கு வெளியே நின்றது. தாய்மார் மரணம் குறைந்த கதையைச் சொல்லும்போது மலேசியாவை உலக வங்கியே பாராட்டி எழுதியிருக்கிறது. 1950 வாக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு 500க்கு மேல் இருந்தது, பெருமளவு விழுந்துவிட்டது. உண்மைதான். 1966இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பழைய மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சொன்னார்கள். விரட்டாமல் பதிவேட்டுக்குள் இழுத்தது நல்ல புத்தி என்பேன்.

என் கடைசித் தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மா தோட்டத்தை விட்டு வெளியேறி தானா ராத்தா டவுனுக்கு வந்திருந்தாள். கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகம் இன்னும் இருக்கிறது. முன்பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர். வெள்ளை என்றால் நர்ஸ் பார்ப்பார். பச்சை என்றால் கிளினிக்கிலேயே கூடுதல் கவனிப்பு. மஞ்சள் என்றால் ஆஸ்பத்திரி டாக்டர் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே சேர்க்க வேண்டும். யாரிடம் போவது என்று அம்மா தேர்ந்தெடுக்கவில்லை, நிறம் தேர்ந்தெடுத்தது. ஆனால் அந்த நிறத்தை முடிவு செய்த நர்சுக்கு எந்தத் தொரையும் சம்பளம் கொடுக்கவில்லை. அத்தை பிழைத்திருக்க வேண்டிய வழி அதுதான்.

என் கதைக்கு வருகிறேன். 2017 முதல் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பணிச் சான்றிதழும் வேண்டும். போனிலேயே தேடிப் பார்க்கலாம். பார்த்தேன். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனை. டாக்டர் பெயர் இருந்தது, சான்றிதழ் இருந்தது, பெண், தமிழும் பேசினார். பாட்டி கேட்டிருந்தால் பூ வைத்துக் கும்பிட்டிருப்பாள். பத்து நிமிடத்தில் கருப்பையை எடுத்துவிடலாம் என்றார். முதலில் கேட்ட கேள்வி: "இன்சூரன்ஸ் எது?"

இன்னொரு கருத்து கேட்க அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று மணி நேரக் காத்திருப்பு. தமிழ் தெரியாத ஆண் டாக்டர். ரத்தப்போக்கு எவ்வளவு, ரத்தசோகை உண்டா, என்ன பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கட்டி சிறியது, மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குகிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம், மாத்திரை உண்டு, கூடினால் அறுவை என்றார். இருவருமே முழுத் தகுதி பெற்றவர்கள். முதலாமவர் தவறு செய்தார் என்று சொல்ல எனக்கு மருத்துவம் தெரியாது. எடுப்பதால் எனக்கு என்ன, எடுக்காவிட்டால் என்ன என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அது என் தவறு.

தேயிலைச் சரிவில் இப்போது தமிழ்க் குரல் குறைவு. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா என்று வருகிறார்கள். ஃபோமெமா மருத்துவச் சோதனையில் வெளிநாட்டுப் பெண்களுக்குக் கர்ப்பச் சோதனையும் சேர்ந்தது. கர்ப்பம் என்றால் வேலைக்குத் தகுதியில்லை என்று முடிவு போகும். சோதிக்கிற டாக்டர் பதிவு பெற்றவர்தான்.

போன மாதம் தானா ராத்தாவில் ஒரு கிளினிக்கில் என் பக்கத்தில் இந்தோனேசியப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காய்கறித் தோட்டத்து மண் பூட்ஸில் ஒட்டியிருந்தது. மலாயில் மெதுவாகக் கேட்டாள், இந்த டாக்டர் முதலாளியிடம் சொல்லிவிடுவாரா என்று. நாமாகக் காட்ட வந்தால் டாக்டர் வெளியே சொல்லக் கூடாது, அது விதி என்றேன். தலையை ஆட்டினாள். அவள் நம்பரைக் கூப்பிட்டபோது நாற்காலி காலியாக இருந்தது.