கார்க்கசோன்: மதில் தப்பியது, மனிதர்கள்?

போன மாதம் நண்பர் வீட்டில் ஒரு பலகை விளையாட்டு ஆடினோம். சதுர அட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி மதில், சாலை, வயல் என்று ஊர் கட்ட வேண்டும். பெயர் கார்க்கசோன். "நிஜமாவே இப்படி ஓர் ஊர் இருக்கா?" என்று நண்பரின் மகள் கேட்டாள். இருக்கு. அதைத் தேடிப் படிக்கப் போய் வந்ததுதான் இந்தக் குறிப்பு.

தெற்கு பிரான்சில், ஓட் ஆற்றை ஒட்டிய குன்றின்மேல் இருக்கிற சின்னக் கோட்டை ஊர் அது. சுற்றிலும் ஒன்றல்ல, இரண்டு மதில்கள். மொத்தம் சுமார் 3 கிலோமீட்டர் நீளம், 52 கோபுரங்கள். உள்மதிலில் ரோமானியர் காலத்துக் கட்டுமானம் இன்னும் தெரிகிறது. படத்தில் பார்த்தால் தேவதைக் கதையில் வரும் ஊர் மாதிரி இருக்கும். ஆனா வரலாற்றைப் படித்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது: மதில் நிற்கும், மக்கள் வெளியே போவார்கள்.

முதல் தடவை 1209-ல். காத்தர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இந்தப் பகுதியில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களை ஒழிக்கப் போப் மூன்றாம் இன்னசென்ட் சிலுவைப்போர் அறிவித்தார். ஆகஸ்ட் வெயிலில் முற்றுகை. கோட்டைக்குள் தண்ணீர் தட்டுப்பாடு. ஊரின் இளம் தலைவர் ரேமோன் ரோஜே த்ராங்கவெல் பேச்சுவார்த்தைக்குப் போய்ச் சிறைப்பட்டார். நவம்பரில் சிறையிலேயே இறந்தார். குடிமக்களுக்கு உயிர் மிஞ்சியது. வீடு, சொத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உடுத்திய துணியோடு வெளியேறினார்கள்.

இரண்டாவது, 1240-ல். இறந்தவரின் மகன் படையோடு வந்து ஊரை மீட்கப் பார்த்தார். அப்போது கோட்டை பிரெஞ்சு அரசர் கையில் இருந்தது. மதிலுக்கு வெளியே குடியிருந்தவர்கள் மகன் பக்கம் நின்றார்கள். முற்றுகை தோற்றதும் அவர்களுடைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டன, மக்கள் துரத்தப்பட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியேற ஒன்பதாம் லூயி அனுமதித்தார். இன்றைய கீழ் நகரம் அப்படித் தோன்றியதுதான்.

1659-ல் பிரான்சும் ஸ்பெயினும் செய்த உடன்படிக்கையில் எல்லை தெற்கே நகர்ந்துவிட்டது. கோட்டைக்கு வேலை இல்லை. வியாபாரமும் வசதியானவர்களும் கீழ் நகரத்தில். மேலே தங்கியவர்கள் ஏழைகள், பெரும்பாலும் நெசவாளிகள். இரண்டு மதில்களுக்கு நடுவே இருந்த காலி இடத்தில், மதிலையே முதுகுச் சுவராக வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

1850 வாக்கில் அரசாங்கம் கோட்டையையே கைவிட்டு, இடிக்க வழிசெய்தது. உள்ளூர் வரலாற்று ஆர்வலர் க்ரோ மேரவியேய், 'கார்மென்' கதை எழுதிய மெரிமே போன்றவர்கள் போராடி அதைத் தடுத்தார்கள். 1853-ல் கட்டடக் கலைஞர் வியோலே லு துக் மதில்களைச் சீரமைக்க ஆரம்பித்தார். இடைக்காலத் தோற்றம் தெரிய வேண்டும் என்பதால் மதில்களுக்கு நடுவே இருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. அதாங்க, மூன்றாவது தடவை. முதல் இரண்டும் போரால். இது பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதற்காக.

வியோலே லு துக்கைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் கூரையைச் சுற்றியே நடக்கிறது. கோபுரங்களுக்கு வடக்கு பிரான்ஸ் பாணியில் கூம்பு வடிவக் கற்பலகைக் கூரை போட்டுவிட்டார், தெற்கில் ஓட்டுக்கூரைதானே வழக்கம் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனா அந்த நெசவாளிகளின் வீடுகளும் அந்த ஊரின் வரலாறு இல்லையா? 1209-க்கு ஒரு மதிப்பு, 1800-க்கு வேறு மதிப்பா?

அவர் கை வைக்காமல் விட்டிருந்தால் இன்று மதிலே இருந்திருக்காது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1997-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. லட்சக்கணக்கானோர் வந்து பார்க்கிறார்கள். மதிலுக்குள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள்தான் மிகச் சிலர்.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. நகரத்தில் உரிமை கொண்டாட ஒரு குட்டி மர மனிதனை நிறுத்துவோம். மதில் முழுசாகச் சுற்றி முடிந்ததும் மதிப்பெண்ணை எழுதிக்கொண்டு, அவனை வெளியே எடுத்துவிட வேண்டும். அன்று ஆடும்போது இது சாதாரண விதியாகத்தான் தெரிந்தது.