தொட்டில் கொக்கி

பழைய தமிழ் வீடுகளின் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தால் ஓர் இரும்புக் கொக்கியோ வளையமோ தென்படும். ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வீடு வந்த பிறகும், தளம் போடும்போது கம்பியை வளைத்துக் கொக்கி விடும் வழக்கம் நிற்கவில்லை. இனி பிறக்கப்போகும் பிள்ளைக்கு வீடு செய்துவைக்கும் முதல் ஏற்பாடு அது.

மற்ற ஏற்பாடுகள் தாய்வீட்டைச் சேர்ந்தவை. வளைகாப்பு முடிந்து மகள் தலைப்பிரசவத்துக்கு வந்ததும், பரணிலிருந்து பழைய வேட்டிகளும் நூல் சேலைகளும் இறங்கும். பிள்ளை பிறக்கும் முன்பு புதுத்துணி வாங்குவதைப் பல குடும்பங்கள் ஒப்புக்கொள்வதில்லை. பலமுறை வெளுத்து மெத்தென்றான துணியை அலசி, வெயிலில் உலர்த்தி, சதுரமாகக் கிழித்து அடுக்குவார்கள். நல்ல சேலையாகப் பார்த்து ஒன்றைக் கொக்கியில் கட்டும் தூளிக்கு ஒதுக்கிவிடுவார்கள்.

அடுக்களையில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி எல்லாம் பிரசவ லேகியத்துக்குச் சேரும். 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் பெற்ற வசம்பைச் சுட்டு உரைக்க உரைகல் தயாராகும். கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, படிந்த கரியை வழித்துக் கண்மை செய்வார்கள். பெட்டியிலிருந்து குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையும் வெளியே வரும்.

இத்தனை அக்கறைக்கு நடுவில் பெரிய ஆபத்தும் இருந்தது. பிரசவம் நடந்தது காற்றும் வெளிச்சமும் வராத பின்கட்டு அறையில். மருத்துவச்சியின் கைப்பழக்கம் தேர்ந்ததுதான். ஆனால் தொப்புள்கொடியை அறுத்த கருவி சுத்தமாக இல்லாவிட்டால் பிள்ளைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) வந்தது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தைகள் இறந்தன.

சென்னையில் பிரசவத்துக்கென்றே அரசு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. 1882-இல் அது எழும்பூரில் இன்றுள்ள இடத்துக்கு மாறியது. அதன் பிறகும் பல தலைமுறைகளுக்குப் பின்கட்டு அறையே பெரும்பாலான பெண்களின் பேறுகால இடமாக இருந்தது. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் பரவிய பிறகே நிலைமை மாறியது. தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன.

பிரசவம் வீட்டைவிட்டுப் போனாலும் வீட்டுப் பொருள்கள் சில அதோடு சேர்ந்தே மருத்துவமனைக்கும் போயின. எடை குறைந்து பிறந்து, உறிஞ்ச வலுவில்லாத குழந்தைக்கு இன்றும் பச்சிளங் குழந்தைப் பிரிவுகளில் பாலாடையால் தாய்ப்பால் புகட்டுகிறார்கள். புட்டியைவிட அதைக் கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது. 2015-இல் அரசு மருத்துவமனைகளில் தாய்மார்களுக்கு வழங்கத் தொடங்கிய 16 பொருள் பெட்டகத்தில் துண்டு, கொசுவலை, கிலுகிலுப்பையோடு சௌபாக்கிய சுண்டி லேகியமும் இடம்பெற்றது.

எனவே பாட்டி சொன்னதை அப்படியே ஏற்கவும் வேண்டாம், அப்படியே தள்ளவும் வேண்டாம். பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைப்பது, வசம்பு உரைத்து ஊற்றுவது, கண்ணுக்குள் மை தீட்டுவது ஆகியவற்றைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். வெயிலில் காய்ந்த பழைய நூல்துணிக்கும் தாய்வீட்டின் ஓய்வுக்கும் அந்தத் தடை இல்லை. வீட்டில் பிள்ளையை எதிர்பார்த்திருப்பவர்கள் கடைக்குப் புறப்படும் முன் ஒருமுறை பரணைத் திறந்து பாருங்கள்.