நாட்டைக் காக்கும் இரகசியமா, நாற்காலியைக் காக்கும் இரகசியமா?



அரசாங்க இரகசியத்தை வெளியே கொண்டு வருபவர் துரோகியா, நாட்டுப்பற்றாளரா? இன்றைய கருத்தரங்கில் நம்முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி இது. ஒரே சொல்லில் பதில் கூறிவிட்டு அமர்ந்துவிட முடியாது. வரலாறு இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

வியட்நாமில் போர் மூண்டிருந்த நேரம். 1967இல் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா, அந்தப் போரில் அமெரிக்கா எப்படிச் சிக்கிக்கொண்டது என்று ஆராய்ந்து எழுதும்படி உத்தரவிட்டார். 47 தொகுதிகள், ஏறத்தாழ 7,000 பக்கங்கள் கொண்ட அறிக்கை தயாரானது. ‘மிக இரகசியம்’ என்று முத்திரை குத்திப் பூட்டி வைத்தார்கள். அதுதான் ‘பெண்டகன் ஆவணங்கள்’.

அதில் என்ன இருந்தது? 1964 தேர்தலில், போரை விரிவாக்கமாட்டோம் என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். அதே வேளையில், விரிவாக்கும் திட்டங்கள் உள்ளே தயாராகிக்கொண்டிருந்தன. 1965இல் ஜான் மெக்நாட்டன் என்ற உயர் அதிகாரி, போரின் நோக்கங்களைக் கணக்குப் போட்டே எழுதியிருந்தார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70 விழுக்காடு. சீனாவைத் தடுப்பது 20 விழுக்காடு. தென் வியட்நாம் மக்களின் நல்வாழ்வு வெறும் 10 விழுக்காடு! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். அந்தப் போரில் மாண்ட அமெரிக்க வீரர்கள் மட்டும் 58,000 பேருக்கும் மேல். உயிரிழந்த வியட்நாமியர்களோ பல இலட்சம்.

அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர் டேனியல் எல்ஸ்பெர்க். 1969 அக்டோபரில் நண்பர் ஒருவரின் துணையோடு இரவு இரவாக அதை நகலெடுத்தார். அவர் நடந்துகொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். நகலை முதலில் நாளேட்டிடம் கொண்டு போகவில்லை. வெளியுறவுக் குழுத் தலைவரான செனட்டர் புல்பிரைட்டிடம் கொடுத்தார். அங்கே கதவு திறக்கவில்லை. அதன் பிறகே ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் நீல் ஷீஹனை நாடினார். அப்போதும் சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய நான்கு தொகுதிகளைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார். அவை வெளியானால் அமைதி முயற்சி கெட்டுவிடும் என்பது அவரது எண்ணம்.

1971 ஜூன் 13ஆம் நாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ தொடரை ஆரம்பித்தது. அதிபர் நிக்சனின் அரசாங்கம் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. உடனே ‘வாஷிங்டன் போஸ்ட்’ அப்பணியைத் தொடர்ந்தது. ஜூன் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் நாளேடுகளின் பக்கம் தீர்ப்பளித்தது. எல்ஸ்பெர்க் சில நாள்கள் ஒளிந்திருந்தாலும், பின்னர் தாமே சரணடைந்தார். 115 ஆண்டு சிறை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டுகள் அவர்மீது சுமத்தப்பட்டன. ஆனால், அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் வெள்ளை மாளிகையின் ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்தது அம்பலமானது. அரசாங்கத்தின் இத்தகைய முறைகேடுகளால் 1973 மே மாதம் நீதிபதி வழக்கையே தள்ளுபடி செய்தார்.

எல்லா இரகசியமும் தீயதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. படை நகர்வு, உளவாளிகளின் பெயர், நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தை ஆகியவற்றை அம்பலப்படுத்துவது உயிர்களைப் பலி கொடுப்பதாகும். எல்ஸ்பெர்க்கே நான்கு தொகுதிகளை மறைத்தார் அல்லவா? பத்திரிகைச் சுதந்திரம் என்பது கையில் கிடைத்ததையெல்லாம் அச்சிடுவதல்ல. எதை அச்சிடலாம், எதை அச்சிடக்கூடாது என்று பொறுப்போடு தீர்மானிக்கும் உரிமை.

ஆனால், இரகசிய முத்திரை யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. உச்ச நீதிமன்றத்தில் அரசாங்கத்திற்காக வாதாடியவர் எர்வின் கிரிஸ்வோல்ட். 1989இல் அவரே எழுதினார்: அந்த வெளியீட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்ததற்கான தடயம் எதையும் தாம் கண்டதில்லை, இப்படி முத்திரை குத்துவோரின் முக்கியக் கவலை அரசாங்கத்துக்கு ஏற்படும் சங்கடமே என்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞரே அளித்த சாட்சியம் இது. 2011இல் அமெரிக்க அரசாங்கமே ஆவணங்கள் முழுவதையும் வெளியிட்டது. எல்ஸ்பெர்க் 2023இல் தமது 92ஆம் வயதில் மறைந்தார்.

ஆகவே நேயர்களே, துரோகியா தியாகியா என்று தீர்ப்புச் சொல்லும் முன், வெளியான இரகசியம் எதைக் காத்து நின்றது என்று பாருங்கள். நாட்டைக் காத்தது என்றால், அதை உடைத்தவர் குற்றவாளி. நாற்காலியைக் காத்தது என்றால், அதை மூடி வைத்தவர்கள்தாம் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.