விளக்கெண்ணெய் குடிக்கும் குட்டி எஞ்சின்கள்

மாடல் விமானம்னு தலைப்பைப் பார்த்ததும் டிரோன்னு நினைச்சு ஓடி வந்த மக்களே, மன்னிக்கணும். இது பேட்டரிக்கு முந்தைய காலத்துச் சமாச்சாரம். உள்ளங்கையில அடங்குற எஞ்சின், முன்னாடி ஒரு புரொப்பெல்லர், ஓடினா குளவி மாதிரி ஒரு சத்தம். அதுல விலை குறைஞ்சதை எப்படித் தரம் பார்த்து வாங்கினாங்கங்கிறதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

ஆரம்பத்துல குட்டி எஞ்சினுக்கும் ஸ்பார்க் பிளக், காயில், பேட்டரி எல்லாம் வேணும். பாதி எடை அதுலயே போயிடும். 1940களின் தொடக்கத்துல சுவிட்சர்லாந்துல 'டைனோ' வந்தது. பிளக்கே கிடையாது, அழுத்தத்திலேயே பத்திக்கும். 1946-ல் இங்கிலாந்தின் மில்ஸ் கம்பெனி 1.3 சிசி எஞ்சினைக் கொண்டுவந்தது. இதையெல்லாம் 'டீசல்'னு சொன்னாங்களே தவிர டீசல் ஊத்தினா ஓடாது :-) ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், மூணும் ஏறக்குறைய சமபங்கு. 1947-ல் அமெரிக்காவுல ரே ஆர்டன் குளோ பிளக் கொண்டுவந்ததும் அந்தப் பக்கம் மெத்தனாலுக்கு மாறிட்டாங்க.

நம்ம நாட்டுல டீசல்தான் ரொம்ப நாள் தாக்குப்பிடிச்சது. காரணம் புரிஞ்சுக்கறது சுலபம். 1991-க்கு முன்னாடி வெளிநாட்டுச் சாமான்னா லைசன்ஸ், சுங்கம்னு ஆயிரம் தொல்லை. குளோ பிளக் ஒண்ணு கருகினா மாத்து எங்கே கிடைக்கும்? கல்கத்தாவின் இந்தியாஸ் ஹாபி சென்டர் 'அரோரா' என்ற பேர்ல இங்கேயே எஞ்சின் செஞ்சு வித்தது. என்.சி.சி. விமானப் பிரிவுல ஏரோமாடலிங் ஒரு பாடமாவே இருக்கறதால, கம்பியில கட்டிச் சுத்தவிடுற விமானங்களுக்குச் சின்ன எஞ்சின் தேவைப்பட்டுக்கிட்டே இருந்தது.

எண்ணெய்க்கு மட்டும் எங்க ஊர்ப் பக்கம் பஞ்சமே இல்லை. கள்ளக்குறிச்சியிலேருந்து சேலம் போற வழியில ஆத்தூர் தாண்டினா ஏத்தாப்பூர். அங்கே மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கு. முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்கள் குடிச்சதும் இதே ஆமணக்கெண்ணெயைத்தான். எவ்வளவு சூடானாலும் உலோகத்தை விட்டு லேசுல விலகாது. மலிவு எஞ்சினோட உயிரைப் பல தடவை காப்பாத்தினது இந்தக் குணம்தான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

சரி, தரத்துக்கு வருவோம். இங்கிலாந்துல ரான் வாரிங், பீட்டர் சின் மாதிரி ஆட்கள் எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்து, இத்தனை சுற்றுக்கு இவ்வளவு திறன்னு வரைபடம் போட்டுப் பத்திரிகையில எழுதினாங்க. ஆனா பத்திரிகைக்குப் போற எஞ்சினும் நம்ம கைக்கு வர்ற எஞ்சினும் ஒண்ணா? விலை குறையும்போது முதல்ல அடிபடறது டிசைன் இல்லை, ஒவ்வொரு பீஸையும் இழைச்சுப் பொருத்துற நேரம். ஒரே அச்சு, ஒரே பெட்டி, ஆனா பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவுல மைக்ரான் கணக்குல வித்தியாசம் இருந்தாலே ஒண்ணு முதல் தட்டுல கிளம்பும், இன்னொண்ணு விரலை உடைக்கும். அதனால பிராண்டைப் பார்க்கறதை விட கையில இருக்கற அந்த ஒரு பீஸைப் பார்க்கறதுதான் புத்திசாலித்தனம்.

முதல்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவா சுத்தணும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பந்தை அமுக்கின மாதிரி எதிர்த்துத் தள்ளணும். புஸ்ஸுன்னு காத்து போனா பொருத்தம் சரியில்லை. இரும்பு பிஸ்டன்னா வழவழன்னு போகணும். அலுமினிய பிஸ்டன், குரோம் பூசின பித்தளை லைனர்னா உச்சியில இறுகிப் பிடிக்கும். அது குறை இல்லை, சூடானதும் லைனர் விரிஞ்சு சரியாயிடும். (இதைக் குறைன்னு நினைச்சு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச புண்ணியவான்களும் உண்டு!) அப்புறம் கிராங்க் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கணும். நீடில் வால்வு தானா சுழலுற மாதிரி தொளதொளன்னு இருந்தா ஆகாது.

ரன்னிங்-இன் டிவிஎஸ் 50-க்கு மட்டும் இல்லை, இதுக்கும் உண்டு. இரும்பு பிஸ்டனுக்கு எரிபொருளைத் தாராளமா விட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஓடவிட்டு ஆறவிடணும். பித்தளை லைனரை அப்படியே ரொம்பக் குளிர்ச்சியா ஓட்டினா அந்த இறுக்கமே தேஞ்சுபோகும்.

கல்வராயன் மலை இதுக்கெல்லாம் ஒரு இலவச சோதனைக்கூடம். ஆயிரம் அடி ஏறினா காத்தோட அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். கீழே வச்ச நீடிலை வெள்ளிமலையில கொஞ்சம் மூடணும், டீசல்னா மேலே உள்ள அழுத்தத் திருகை லேசா இறுக்கணும். நான் வாங்கின ஒரு மலிவு எஞ்சின் (பேர் வேண்டாம்) கீழே கரும்புக்காட்டு ஓரத்துல சமாளிச்சு ஓடினது, மேலே போனதும் என்ன திருகியும் கிளம்பவே இல்லை. பிஸ்டன் பக்கம் கசிவு. தரையில இருக்கற வரைக்கும் மறைஞ்சிருந்த குறை மலையில வெளியே வந்துடுச்சு.

யாராவது பரண்லேருந்து பழைய எஞ்சின் எடுத்தீங்கன்னா ஒரு விஷயம். பிசின் மாதிரி இறுகிக் கிடந்தா செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, குறடு போட்டுத் திருகவும் வேண்டாம். பெரும்பாலும் அது காய்ஞ்ச விளக்கெண்ணெய்தான். வெந்நீர்ல பாத்திரத்தோட வச்சு இதமா சூடு பண்ணி, எண்ணெய் விட்டு, விரலால சுத்துங்க. இளகினதும் மறுபடி அந்த உச்சியில எதிர்ப்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா பத்து நிமிஷத்துல ஓட வச்சிடலாம், ஈதர் மட்டும் தேடிப் பிடிக்கணும்.