பாசுங்: வீட்டுக்குள் ஒரு தொழுமரம்

தொழுமரம் என்றொரு சொல் தமிழில் உண்டு. குற்றவாளியின் கால்களை நுழைத்துப் பூட்டுவதற்காகத் துளையிட்டுச் செய்யப்பட்ட கட்டை அது. சிறைகளில் அந்தத் தண்டனை ஒழிந்ததோடு சொல்லும் அகராதிக்குள் ஒதுங்கிக்கொண்டது. இந்தோனேசியாவில் இதே கருவிக்குப் ‘பாசுங்’ என்று பெயர். அந்தச் சொல் அகராதிக்குள் ஒதுங்கவில்லை. மனநோய் கண்ட மகனையோ மகளையோ உடன்பிறப்பையோ குடும்பத்தாரே கட்டையில் மாட்டி வைப்பதும், சங்கிலியால் பிணைப்பதும், ஆட்டுக் கொட்டில் போன்றதொரு சிற்றறையில் பூட்டி வைப்பதும் அங்கே இன்றும் இந்தப் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

இந்த வழக்கத்தின் வரலாற்றை, சிறப்பாக ஆச்சே மாகாணத்தில் அது கடந்துவந்த பாதையை, நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26இல் ஆச்சேயை அழித்த அதே அலைதான் சுமார் இரண்டு மணி நேரத்தில் எங்கள் கிழக்குக் கரைக்கும் வந்தது. அவர்களும் எங்களைப் போலவே நீண்டதொரு போருக்கிடையில் அந்த அலையைச் சந்தித்தவர்கள். ஒரே நாளில் ஜனாஸாக்களை அடக்கிய இரண்டு சமூகங்கள், தத்தமது வீடுகளின் பின்னறைகளில் இருந்தவர்களை அதற்குப் பிறகு எப்படி நோக்கின என்பது ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1882ஆம் ஆண்டு பொய்டன்சோர்க்கில், அதாவது இன்றைய போகோரில், ஒரு பெரிய மனநோயாளர் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1902இல் கிழக்கு ஜாவாவின் லாவாங்கில் மற்றொன்று எழுந்தது. ஜெர்மனியின் புகழ்பெற்ற உளமருத்துவர் எமில் கிரெப்பலின் 1904இல் போகோருக்கு வந்தார். ஐரோப்பியருக்கு வரும் மனநோய்கள் ஜாவா மக்களுக்கும் வருகின்றனவா என்று அங்கே ஆராய்ந்தார். இப்படி உலக மருத்துவம் போகோர் வரை வந்தது. ஆயினும் கடலாலும் மலையாலும் பிரிக்கப்பட்ட ஆயிரமாயிரம் கிராமங்களின் குடும்பங்களுக்கு அது எட்டவில்லை. அவர்களுக்கு எட்டியது காட்டு மரமும் கயிறும்தான்.

சுதந்திரத்தின் பின் 1966இல் இந்தோனேசியா உளநலத்துக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 1977 நவம்பரில் உள்நாட்டு அமைச்சர் எல்லா மாகாண ஆளுநர்களுக்கும் கடிதம் அனுப்பினார். மனநோயாளரைக் கட்டி வைக்க வேண்டாமென்றும் வைத்தியசாலையில் ஒப்படைக்க வேண்டுமென்றும் மக்களுக்கு அறிவுறுத்தும்படி அதில் கேட்டிருந்தார். ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்குச் சுற்றுநிருபங்களின் தலைவிதி தெரியும். மேலிருந்து வரும், கோவைக்குள் போகும், அதோடு சரி. ஆச்சே மாகாணம் முழுவதற்கும் இருந்தது ஒரேயொரு மனநல வைத்தியசாலை, அதுவும் தலைநகர் பண்டா ஆச்சேயில். மலைக்கிராமத்து ஏழை விவசாயியிடம் “கட்டாதே, கொண்டுவா” என்றால் எதில் கொண்டுவருவான்? வழிச்செலவுக்கு யார் கொடுப்பார்? வீட்டுக்குத் திரும்பிய பின் மருந்து எங்கே கிடைக்கும்? இந்தக் கேள்விகளுக்கு அந்தக் கடிதத்தில் விடை இல்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டமும் 1992இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தபோது நீக்கப்பட்டது.

கட்டி வைப்பவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் கட்டுரையை இவ்விடத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சுமாத்ராவின் தோபா ஏரியிலுள்ள சமோசிர் தீவில், பொது வைத்தியசாலையொன்றுக்கு வந்த உளமருத்துவர் ஆறு மாத காலத்தில் 15 பேரைக் கட்டப்பட்ட நிலையில் கண்டார். 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி அவர்களில் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தனர். அநேகமாக அனைவருக்கும் மனச்சிதைவு நோய். இரண்டு வருடம் முதல் 21 வருடம் வரை கட்டுண்டு கிடந்தவர்கள் அவர்கள். அடிக்கிறான், தீ வைத்துவிடுவானோ என்று பயம், ஓடிப்போய்த் தொலைந்துவிடுவாள், வயலுக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வைத்தியம் செய்து பணமும் காணியும் தீர்ந்துவிட்டன: இந்தோனேசியக் குடும்பங்கள் சொல்லும் காரணங்கள் இவையே. பல வருடம் அசையாதிருந்த கால்களில் தசை வற்றும், மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். கட்டை அவிழ்ந்த பின்னும் நடக்க முடியாதவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு அத்தனை வருடமும் சோறு கொடுத்ததும் கழுவிவிட்டதும் கட்டிய அதே கைகள்தாம்.

இதை நான் படித்து மட்டும் அறியவில்லை. சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் கிழமையில் இரண்டு நாள் பாடசாலைக்கு வருவதில்லை. விசாரிக்க வீட்டுக்குப் போனேன். குசினிக்குப் பின்னால் தகரம் அடித்த அறையில் அவனுடைய காக்கா இருந்தார். கணுக்காலில் நாய்ச் சங்கிலி. மறுமுனை தூணில். சங்கிலி உரசாதிருக்கக் கணுக்காலைச் சுற்றிப் பழைய சாறன் துணி மெத்தென்று சுற்றப்பட்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. உம்மாதான் சொன்னார்: “கட்டினதும் நான்தான் சேர், சோறு தீத்துறதும் நான்தான். அவுத்து உட்டா கடலுக்குப் பெய்த்திருவான். ஒரு புள்ளய கடல் கொண்டு பெய்த்து, இவனையும் குடுக்கச் சொல்றீங்களா?” அந்தத் துணிச் சுற்றைப் பார்த்தவன் எவனும் அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டான்.

அப்படியானால் குற்றம் யாருடையது? இங்கே இரண்டு சுலபமான விடைகள் காத்திருக்கின்றன. மார்க்கமும் மூடநம்பிக்கையும் சேர்ந்து செய்த வேலை என்பது ஒன்று. நம்முடைய முன்னோர் பீமாரிஸ்தான் கட்டி மனநோயாளரைப் பேணினர், அந்தப் பெருமையை மறந்ததால் வந்த வினை என்பது மற்றொன்று. வரலாறு இரண்டையும் ஏற்கவில்லை.

சமோசிர் மக்களில் மிகப் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள், ஆச்சே மக்கள் முஸ்லிம்கள். கட்டை இரண்டு இடத்திலும் ஒன்றே. ஜப்பானில் 1900ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளரை வீட்டில் அடைத்து வைக்கும் பொறுப்பைக் குடும்பத்தின் கடமையாகவே விதித்தது. பொலிஸ் மேற்பார்வையில் வீட்டுக்குள் கூண்டறைகள் கட்டப்பட்டன. குரே ஷூஸோ என்ற பேராசிரியர் தம் மாணவர்களை 15 மாகாணங்களுக்கு அனுப்பி 360க்கும் மேற்பட்ட கூண்டறைகளைப் பார்வையிடச் செய்து 1918இல் அறிக்கை வெளியிட்டார். இந்த நோய் வந்தது ஒரு துன்பம் என்றால் இந்த நாட்டில் பிறந்தது இன்னொரு துன்பம் என்ற பொருள்பட அவர் எழுதியது அங்கே இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்த முறை ஒழிந்தது 1950இல். ஒகினாவாவில் 1972 வரை நீடித்தது. கல்வியிலும் கைத்தொழிலிலும் முன்னேறிய நாடொன்றின் கதை இது.

பீமாரிஸ்தான் பெருமையும் உண்மையானதே. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய வைத்தியசாலை வக்பு வருமானத்தில் இயங்கியது. மனநோயாளருக்கென அங்கே தனிப்பகுதி இருந்தது. ஆனால் மொரோக்கோவின் பெஸ் நகர வைத்தியசாலையில் இளமையில் எழுத்தராக வேலை செய்த அல்-ஹஸன் அல்-வஸ்ஸான், அங்கே மனநோயாளர் இரும்புச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததை 16ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். லியோ ஆபிரிக்கானஸ் என்று ஐரோப்பா அறிந்தவர் இவரே. பெருமை பேசுவோர் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். பித்துப் பிடித்தவருக்குத் தெளிவு வரும்வரை அவர் மீது பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது, அவர் செயலுக்குக் குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நமது மார்க்கம். குற்றம் எழுதப்படாத ஒருவர் குற்றவாளிக்கென்று செய்த கட்டையில் இருப்பது எவ்வளவு பெரிய முரண்!

வீட்டில் வைத்திருக்க முடியாமற்போகும்போது சங்கிலி இடம் மாறுகிறது. அதற்கு நாம் நன்கறிந்த ஊர்ப்பெயரே சாட்சி. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பெருகியிருந்தன. குடும்பத்தார் பணம் கட்டி நோயாளரை அங்கே விட்டுச் சென்றனர். 2001 ஓகஸ்ட் 6 விடியும் முன் அவற்றிலொரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். இத்தகைய இடங்களுக்கு உரிமம் கோரும் 1987ஆம் ஆண்டின் உளநலச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டம்தான் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்தது.

இனி ஆச்சேக்குத் திரும்புவோம். சுனாமியோடு உலகத்தின் பார்வையும் நிதியும் அங்கே சென்றன. 2005 ஓகஸ்டில் ஹெல்சிங்கியில் சமாதான உடன்படிக்கையும் கைச்சாத்தாகியது. அழிவின் அதிர்ச்சிக்கு உளநல உதவி என்று வந்த திட்டங்களில் பல வந்த வேகத்திலேயே போய்விட்டன. நிலைத்து நின்றது ஒன்று. கிராமத்துச் சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே வேலை செய்த தாதியருக்கு உளநலப் பயிற்சி அளித்து வீடு வீடாக அனுப்பியதுதான் அது. சுனாமியால் நோயுற்றவரைத் தேடிப்போன தாதியர், சுனாமிக்குப் பல வருடம் முன்பே கட்டப்பட்டவர்களைப் பின்னறைகளில் கண்டனர். அறியப்படாதிருந்த ஒரு கூட்டம் அப்போதுதான் பெயர்ப்பட்டியலானது.

2010இல் மாகாண அரசு ‘பாசுங் அற்ற ஆச்சே’ என்ற திட்டத்தை அறிவித்தது. அதே வருடம் மாகாண மக்களுக்கான இலவச மருத்துவக் காப்புறுதியும் வந்தது. கட்டப்பட்டிருந்தோர் பண்டா ஆச்சே வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவ்வாறு வந்த 59 பேரைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளியானது. பத்தில் ஒன்பது பேர்வரை ஆண்கள். கட்டுண்ட காலம் சில நாட்களிலிருந்து 20 வருடம் வரை, சராசரியாக 4 வருடம். 1952இல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்த குளோர்புரோமசின் முதலான மாத்திரைகளும், மாதமொரு முறை போடும் ஊசியும் உலகத்துக்குப் பழைய செய்தி. அந்தக் கிராமங்களுக்கு அவை ஏறக்குறைய அரை நூற்றாண்டு தாமதித்து வந்தன. கட்டை அந்தத் தாமதத்தில்தான் நிலைத்திருந்தது.

எல்லாம் நன்றாய் முடிந்தது என்று எழுத முடியாது. வீடு திரும்பியவர்களில் மருந்து நின்றபோது மீண்டும் கட்டப்பட்டோர் உண்டு. 2014ஆம் ஆண்டின் இந்தோனேசிய உளநலச் சட்டம் கட்டி வைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆயினும் 18,000க்கும் அதிகமானோர் அந்த நிலையில் இருப்பதாக 2016இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் அரசின் தரவைக் கொண்டு எழுதியது. 25 கோடி மக்களுக்கு அப்போது இருந்த உளமருத்துவர் 600 முதல் 800 பேர். 2023இல் அந்தச் சட்டத்தின் இடத்தைப் புதிய சுகாதாரச் சட்டம் எடுத்துக்கொண்டது. சட்டங்கள் மாறிமாறி வருகின்றன. தாதி மாதாமாதம் வந்த வீட்டில் சங்கிலி கழன்றது, அவர் வருகை நின்ற வீட்டில் அது திரும்பி வந்தது.

நம் நாட்டின் மனநோய்கள் கட்டளைச்சட்டம் 1873ஆம் ஆண்டுக்குரியது. சுனாமி வந்த நாளிலும் அதுவே சட்டம். பெரிய மனநல வைத்தியசாலைகள் அங்கொடை, முல்லேரியா, ஹெந்தளை என்று கொழும்பைச் சுற்றியே இருந்தன. அங்கொடை என்ற ஊர்ப்பெயர் நம் வாயில் ஒரு வசைச்சொல்லாகியது. கிழக்கின் ஒரு குடும்பத்துக்கு அந்த வசையும் தூரமும் சேர்ந்தே சங்கிலியாயின. 2005இல் வந்த உளநலக் கொள்கை, சேவையை மாவட்டங்களுக்குப் பரப்புவதாகச் சொன்னது. சுனாமி அதற்கு உந்துதலாய் அமைந்தது. நமது கரையோர வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் வளர்ந்தன. நான் மேலே சொன்ன இளைஞருக்கும் மாதாந்த ஊசி அவ்வாறுதான் கிடைத்தது. இரண்டாம் வருடம் அவர் சந்தைக்குத் தனியே போய் மீன் வாங்கி வந்தார்.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் எழுதுகிறவர்கள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் கதைகளில் தெருவில் திரியும் பைத்தியக்காரர் அடிக்கடி வருவார், சிரிப்பூட்டுவார், சிலவேளை ஞானமும் சொல்வார். பின்னறையில் இருப்பவரும் அவருக்குச் சோறு தீத்துபவரும் அரிதாகவே வருகிறார்கள். குரே ஷூஸோவின் மாணவர்கள் ஒவ்வொரு கூண்டறையாகப் போய் அதன் நீள அகலத்தை அளந்து எழுதினார்கள். ஆச்சேயின் தாதியர் பெயர் எழுதினார்கள். எங்கள் ஊர்களில் அந்தப் பட்டியலை இன்னும் ஒருவரும் எழுதவில்லை. குடும்ப நல உத்தியோகத்தரும், பள்ளிவாசல் நிர்வாகமும், வரவு இடாப்பைக் கையில் வைத்திருக்கும் என்னைப் போன்ற ஆசிரியரும் ஒன்றாயிருந்தால் ஒரு மாதத்தில் முடியக்கூடிய வேலை அது.