ஏறுவோரும் சுமப்போரும்

சத்ருஞ்சயம்! குசராத்து மாநிலத்துப் பாலிதானா நகரருகே, ஏறத்தாழ 2,000 அடி உயர்ந்து நிற்கும் மலை. அடிவாரத்திலிருந்து 3,000க்கும் மேற்பட்ட படிகள். மேலே 800க்கும் மேற்பட்ட சமணக் கோயில்கள். இரவில் அங்கே எவரும் தங்குவதில்லை; பூசை செய்வோரும் இறங்கிவிட வேண்டும். குடிகளே இல்லாத கோயில் நகரம் அது!

சமணர் ஏன் மலையை நாடினர்? அவர்தம் உலகநூல் விடை தருகிறது. நாவலந்தீவின் நடுவே ஓர் இலட்சம் யோசனை உயர்ந்த மேரு. பிறந்த தீர்த்தங்கரரைத் தேவர்கள் நீராட்டும் இடம் அது. முதல் தீர்த்தங்கரராம் இடபதேவர் வீடுபேறு எய்தியது அட்டாபத மலையில். எட்டாம் தீவாகிய நந்தீசுவரத்தில் 52 கோயில்கள், அவையும் மலைகள்மீது! எட்டாத இம்மலைகளைக் கல்லில் வடித்துக் கண்முன் நிறுத்தினர். நந்தீசுவரத்தைக் காட்டும் கோயிலொன்று சத்ருஞ்சயத்திலேயே உண்டு.

நிலநூலாகக் கொண்டால் இது நில்லாது. உலகை அளந்துவிட்டோம், மேருவுக்கு அதில் இடமில்லை. அடையாளமாகக் கொண்டாலோ, ஆழ்ந்த பொருள் உண்டு. உலகைப் படைத்த கடவுள் ஒருவரைச் சமணம் ஒப்பவில்லை. மேலிருந்து கைதூக்கிவிட எவருமில்லை. தன் வினையைத் தானே அறுத்து, தன் காலால் தானே ஏற வேண்டும். இந்த எண்ணத்துக்கு மலையினும் ஏற்ற சின்னம் ஏது? இடபதேவர் எண்ணிறந்த முறை இங்கு வந்தாரென்பது மரபு. அதனை நினைந்து 99 முறை ஏறி இறங்கும் நோன்பினர் இன்றும் உளர்.

கோயிலைக் காத்ததும் மனித முயற்சியே. குமாரபால மன்னனின் காலம், 12ஆம் நூற்றாண்டு. அன்று இடபதேவர் கோயில் மரத்தாலானது. எரியும் திரியொன்றை எலி இழுத்துச் செல்லக் கண்டாராம் உதயணர் என்னும் அமைச்சர். கோயில் எரிந்துவிடுமே எனக் கலங்கி, கற்கோயில் எழுப்பச் சூளுரைத்தார். அதனை முடித்தவர் அவர் மகன் வாக்பட்டர். கதையாகவே இருக்கட்டும், ஆபத்தைக் கண்டவன் மனிதன், அதற்கு வழி கண்டவனும் மனிதன் அன்றோ!

துறவைப் போற்றிய அந்த மலைக்கும் வரி வந்தது. பாலிதானா அரசுக்கு ஆண்டுதோறும் 15,000 ரூபாய் என 1886இல் ஏற்பட்ட உடன்பாடு, 40 ஆண்டுகளில் முடிந்தது. அரசு மேலும் கேட்டது. சமணர் என்ன செய்தனர்? 1926 ஏப்ரல் முதல் மலைக்குச் செல்வதையே நிறுத்தினர்! ஈராண்டுகள் வெறிச்சோடின படிகள். 1928இல் சிம்லாவில் இணக்கம் பிறந்தது: ஆண்டுக்கு 60,000 ரூபாய், 35 ஆண்டுகளுக்கு. முழு வெற்றி அன்று. எனினும், அரசைப் பேச்சுக்கு இழுத்து வந்தது வேண்டுதலா? இல்லை; கூடி எடுத்த முடிவு. 1948இல் சௌராட்டிரத்தோடு இணைந்து அவ்வரசே மறைந்தது.

வரி கேட்ட அரசு போயிற்று, டோலி போகவில்லை. நடக்க இயலாதோரும் நடக்க விரும்பாதோரும் அதில் அமர்ந்து செல்கின்றனர். மூங்கிலுக்குத் தோள் கொடுப்போர் கூலியாட்கள். முதியோரும் நோயுற்றோரும் உதவி பெறுவதை நாம் குறைகூறவில்லை. ஆயின், எறும்புக்கும் இரங்கும் அறம், 3,000 படிகளைப் பாரத்தோடு ஏறும் தோளை எண்ணிப் பார்த்ததா என்று வினவுகிறோம். தன் முயற்சியால் உயர்க என்று போதிக்கும் மலையிலே, பிறர் தோளில் ஏறி உயர்வதும் நடக்கிறதே!

தோழர்களே, அந்தக் கோயில்களின் கலையழகை வியப்போம். கடவுளின்றியே மனிதன் உயரலாம் என்ற துணிவை மதிப்போம். அத்துடன், அடிவாரத்திலே கூலிக்குக் காத்திருக்கும் அந்தத் தோள்களையும் மறவாது நோக்குவோம். வரலாற்றில் அவர்கட்கும் ஒரு பக்கம் வேண்டும்.