அசைவும் அவசரமும்: ஏ.சி.எல். அறுவைக்குப் பிந்திய இயன்முறை மருத்துவத்தின் வரலாறு

முழங்காலுக்குள் எது கிழிந்தாலும் நம்மூர்ப் பேச்சில் அதற்கு ஒரே பெயர்: ஜவ்வு. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் கிடக்கும் குருத்தெலும்பு வளையமும் ஜவ்வுதான். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காக இழுத்துக் கட்டியிருக்கும் நாரும் ஜவ்வுதான். இக்கட்டுரை பேசுவது அந்த நார்களுள் முன்னால் இருப்பதைப் பற்றி. நூல் வழக்கில் அது முன் குறுக்குத் தசைநார். மைதான வழக்கில் ஏ.சி.எல். அது அறுந்தால் உடலின் வேறோரிடத்துத் தசைநாணை எடுத்துப் புதிதாக அமைக்கிறார்கள்; அப்படி வைக்கும் நாணுக்கு ‘ஒட்டு’ என்று பெயர். அந்த அறுவைக்குப் பின் வரும் மாதங்களில் காலை என்ன செய்வது என்பதில் மருத்துவம் பலமுறை மனம் மாறியிருக்கிறது.

அந்த மாற்றத்தை ‘ஓய்விலிருந்து இயக்கத்துக்கு’ என்று நேர்க்கோடாகச் சொல்வது வழக்கம். முக்கிய ஆய்வுகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் கோடு அவ்வளவு நேராக இல்லை. மூட்டை எப்போது அசைப்பது, ஆட்டத்துக்கு எப்போது திரும்புவது என்பவை இரண்டு தனிக் கேள்விகள். 1990 வாக்கில் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. சிக்கலைப் பிரித்தெடுக்கக் கால் நூற்றாண்டு பிடித்தது.

குறுக்கு நார்களைப் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் அறிந்திருந்தார். 1836இல் கோட்டிங்கனில் வெபர் சகோதரர்கள் நடையின் இயக்கவியலை ஆராய்ந்தபோது, நாரை அறுத்தால் கீழ்க்கால் எலும்பு முன்னும் பின்னும் வழுக்குவதைக் குறித்துவைத்தார்கள். நம் கதைக்கு இவர்களைவிட முக்கியமானவர் பிரான்சின் லியோன் நகர அறுவை மருத்துவர் அமெதே போனே. ‘டப்’ என்ற ஓசை, மூட்டுக்குள் இரத்தம் கோத்த வீக்கம், காலை ஊன்ற முடியாமை என்று நார் அறுந்ததன் அடையாளங்களை 1845இலேயே எழுதியவர் அவர். 1853இல் வெளியான நூலில், மூட்டை நெடுநாள் கட்டிப்போடுவதன் தீங்கைச் சொல்லி, நோயாளி தன் மூட்டைத் தானே அசைத்துக்கொள்ளக் கருவிகளையும் வடிவமைத்துக் காட்டினார். இன்றைய கொள்கையின் பாதி அதில் இருக்கிறது. ஆனால் அடுத்த நூறாண்டு அவர் பக்கம் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? அன்றைய முடநீக்கு மருத்துவத்தின் முன்னிருந்த பெரிய நோய் மூட்டுக் காசநோய். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இல்லாத காலத்தில் காசநோய் பிடித்த மூட்டுக்குத் தர முடிந்த நல்ல மருந்து அசையாமை. லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் இடைவெளியற்ற, நீண்ட, கட்டாய ஓய்வை ஒரு கோட்பாடாகவே நிறுவினார். அவர் மனைவிவழி மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் வழியாகவும், முதல் உலகப் போரில் எண்ணற்ற தொடை முறிவுகளைக் காத்த தாமஸ் சிம்பு வழியாகவும் அந்தக் கோட்பாட்டுக்குக் கேள்விகேட்க முடியாத மதிப்பு வந்தது. காசநோய்க்குப் பொருந்திய மருந்து அறுந்த நாருக்கும் போய்ச் சேர்ந்தது இப்படித்தான் என்பது என் கருத்து.

அறுவை தனி வழியில் வளர்ந்தது. 1895இல் லீட்ஸில் மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த நார்களைத் தைத்தார். அந்த மனிதர் மீண்டும் வேலைக்குப் போனார். 1917இல் பிரிஸ்டலின் ஹே குரோவ்ஸ் தொடையின் வெளிப்புறப் பட்டை நாரைக் கொண்டு புதுத் தசைநார் அமைத்தார். 1963இல் அமெரிக்காவின் கென்னத் ஜோன்ஸ் முட்டிச்சில்லுத் தசைநாணின் நடுப்பகுதியைப் பயன்படுத்தினார். ‘ஜவ்வைத் தைத்துவிட்டார்கள்’ என்று இன்றும் சொல்கிறோம். வெறுமனே தைப்பதன் மேலிருந்த நம்பிக்கையோ 1976இலேயே ஆட்டம் கண்டுவிட்டது: வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களுக்குத் தைத்த முழங்கால்களை 5 ஆண்டு கழித்து ஆராய்ந்த ஃபீகினும் கர்லும் பெரும்பாலானவை தளர்ந்திருப்பதைக் கண்டார்கள்.

எந்த முறையில் செய்தாலும் முடிவில் மாவுக்கட்டு. முழங்காலைச் சற்றே மடக்கி, தொடையிலிருந்து கணுக்கால்வரை, சுமார் 6 வாரம். கட்டைப் பிரிக்கும்போது வெளிவருவது தொடை சூம்பிய, முழுதாக நீளவும் மடங்கவும் மறுக்கும் கால். மயக்கமருந்து கொடுத்து மூட்டை வலிந்து மடக்க வேண்டிய நிலை பலருக்கு வந்தது.

இடையில் 1945இல் ஒரு வேறு குரல். சிகாகோவின் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் டிலோர்ம், போரில் முழங்கால் அடிபட்டு வந்த சிப்பாய்களின் பாதத்தில் இரும்புக் காலணியைக் கட்டி எடையைப் படிப்படியாக ஏற்றினார். இளமையில் ருமாட்டிக் காய்ச்சலால் படுத்து, பளு தூக்கியே தேறியவர் அவர். முதலில் பத்துப் பத்தாக 7 முதல் 10 சுற்று. பின்னர் மூன்றே சுற்று போதும் என்று குறைத்தார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையின் பாதி, முக்கால், முழுமை என்ற அந்தக் கணக்கு இன்றைய ஜிம்களிலும் புழங்குகிறது. ஆனாலும் அறுவை அரங்கிலிருந்து வரும் முழங்காலுக்கு மாவுக்கட்டே முதலில். டிலோர்மின் எடை பிறகுதான்.

கட்டு உடைந்தது 1970களின் ஆய்வுக்கூடங்களில். ஃபிராங்க் நோய்ஸ் ரீசஸ் குரங்குகளை 8 வாரம் கட்டில் வைத்துப் பிறகு அவற்றின் ஏ.சி.எல்லை இழுத்துச் சோதித்தார். யாரும் வெட்டாத, நல்ல நார் அது. அசையாமல் இருந்ததாலேயே வலுவில் கணிசமான பங்கை இழந்திருந்தது. கட்டைப் பிரித்து ஓராண்டாகியும் பழைய வலு முழுதாகத் திரும்பவில்லை. காக்க வேண்டியதையே கட்டு அரிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே காலத்தில் டொராண்டோவில் ராபர்ட் சால்டர், மூட்டை இடைவிடாமல் மெல்ல அசைக்கும்போது குருத்தெலும்பு நன்றாக ஆறுவதை முயல்களில் காட்டினார். ஸ்டாக்ஹோமில் ஹேக்மார்க்கும் எரிக்சனும் 1979இல் உருளை வடிவ மாவுக்கட்டையும் கீல் வைத்த அசையும் கட்டையும் ஒப்பிட்டார்கள். அசைந்த கால்களில் தசை குறைவாகவே சூம்பியது.

அறுவைக் கருவியும் கைகொடுத்தது. 1983இல் லாம்பர்ட் விவரித்த, ஒட்டின் முனையிலுள்ள எலும்புத் துண்டை எலும்பில் துளைத்த சுரங்கத்துக்குள் நெருக்கிப் பிடிக்கும் திருகாணி வந்தபின், ‘அசைத்தால் ஒட்டு பிடுங்கிக்கொள்ளுமே’ என்ற அச்சம் தணிந்தது. காத்திருப்பையே ஒழிக்கலாம் என்று கார்பன் இழை, கோர்-டெக்ஸ் போன்ற செயற்கை நார்களை நம்பியவர்களும் அதே காலத்தில் உண்டு. இழைகள் நைந்து மூட்டு வீங்கியதால் அந்த ஆர்வம் வந்த வேகத்தில் வடிந்தது.

1981இல் பாலோஸ், நோய்ஸ் முதலியோர் வெளியிட்ட திட்டம் இந்த இடைக்காலத்தின் நல்ல மாதிரி. குரங்கு ஆய்வைச் செய்தவரே அதன் ஆசிரியர்களுள் ஒருவர். என்றாலும் திட்டம் எச்சரிக்கையின் உருவம். அதிகபட்சப் பாதுகாப்பு, மிதமான பாதுகாப்பு, குறைந்தபட்சப் பாதுகாப்பு என்று கட்டங்கள். எல்லாம் வாரக் கணக்கு. நாள்காட்டிதான் மருத்துவர்.

இனி இண்டியானாபொலிஸ். அங்கே டொனால்ட் ஷெல்போர்ன் தன் நோயாளிகளைக் கவனித்து வந்தார். சொன்னபடி நடந்தவர்கள் இருந்தார்கள். ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டு, கட்டுப்பட்டையைக் கழற்றிவிட்டு, தங்களுக்குத் தோன்றியபடி நடந்தவர்களும் இருந்தார்கள். ஒட்டு தளர்ந்திருக்க வேண்டியது இரண்டாமவர்களுக்கு. தளரவில்லை, முழங்கால் நீட்டமும் வலுவும் அவர்களுக்கே நன்றாக இருந்தன. சொல்பேச்சுக் கேளாமையைக் குற்றமாகப் பார்க்காமல் தரவாகப் பார்த்தது ஷெல்போர்னின் பெரிய தகுதி. 1990இல் பால் நிட்ஸுடன் அவர் வெளியிட்ட ‘துரித மறுவாழ்வு’ கட்டுரை துறையைப் புரட்டிப்போட்டது: முதல் நாளிலிருந்தே முழு நீட்டம், தாங்குகிற அளவு எடையை ஊன்றி நடை, 4 முதல் 6 மாதத்தில் விளையாட்டு.

இதில் நீட்டத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டும். மடக்குவது வரவில்லை என்று வருந்தும் நோயாளி, நீட்டுவதில் ஐந்து டிகிரி குறைவதைக் கண்டுகொள்ள மாட்டார். அந்த ஐந்து டிகிரி நடையைக் கெடுக்கும். முன்தொடைத் தசைக்கு ஓய்வே கிடைக்காது. ஒட்டின் முன்னால் தழும்புத் திசு உருண்டையாகத் திரண்டு நீட்டத்தைத் தடுப்பதை ஜாக்சனும் ஷேஃபரும் 1990இலேயே விவரித்து, ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸின் பெயரை வைத்தார்கள். நீட்டக் குறைவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை மேசைக்கு வெளியே விட்டு, இரண்டு குதிகால்களையும் பின்னாலிருந்து பார்த்தால் போதும். ஒரு குதிகால் மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைகிறது என்று பொருள். பயிற்சியும் அதே எளிமை: மல்லாந்து படுத்து, குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைத் தன் எடையாலேயே தாழவிடுவது.

இன்னொரு காட்சி அறுவைக்கு மறுநாள் நடப்பது. காலை நீட்டித் தொடையை இறுக்கச் சொல்கிறார் ஃபிசியோதெரபிஸ்ட். நோயாளி முகத்தைச் சுளித்து முயல்கிறார். விரல் வைத்துப் பார்த்தால் உள்தொடைத் தசை கொழகொழவென்று கிடக்கிறது. சோம்பல் என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். மூட்டுக்குள் திரவம் சேர்ந்தாலே தண்டுவடம் அனிச்சையாகத் தசையை அணைத்துவிடுகிறது என்று 1965இல் டி ஆன்ட்ரேடும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள். 20, 30 மில்லிலிட்டர் போதும் என்று பிற்கால ஆய்வுகள் சொல்லின. வீக்கத்துக்கு ஐஸ் வைப்பதும் தசைக்கு மின்தூண்டல் கொடுப்பதும் சடங்கல்ல என்பது இதனால் விளங்கியது.

துரித முறையின் காலத்திலேயே ஒரு புது அச்சமும் முளைத்தது. உட்கார்ந்தபடி காலை நீட்டி எடை தூக்குவது, அதாவது டிலோர்மின் பழைய பயிற்சி, ஒட்டை இழுத்துவிடும் என்பது அது. பாதம் தரையில் ஊன்றிய பயிற்சிகளே பாதுகாப்பு என்று வகுப்புகளில் சொல்லப்பட்டது. வெர்மான்டில் புரூஸ் பெய்னனும் குழுவினரும் இதை ஊகத்துக்கு விடவில்லை. நல்ல ஏ.சி.எல். உள்ள தன்னார்வலர்களின் நாரிலேயே, உணர்விழப்பு மருந்து மூட்டுக்கு மட்டும் கொடுத்து, சிறு அளவியைப் பொருத்தி உட்காரவும் எழவும் வைத்தார்கள். எடையோடு காலை நீட்டும்போதும் குந்தி எழும்போதும் நார் ஏறக்குறைய ஒரே அளவில், 4 விழுக்காட்டை ஒட்டி, நீண்டது. நம் தோப்புக்கரணத்துக்கும் இரும்புக் காலணிக்கும் நாரின் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை.

இனி அவசரம். முதல் நாள் அசைவு சரி என்று நிரூபணமானதும், ஆறு மாத ஆட்டமும் சரி என்று துறை எடுத்துக்கொண்டது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறக்கவில்லை. தசைநாணாக இருந்த ஒட்டு மெல்ல மெல்லத் தசைநாராக உருமாற வேண்டும். இதை அமியெல் 1986இல் முயல்களில் விவரித்திருந்தார். நடையால் அந்த உருமாற்றம் கெடாது. அதற்காக விரைந்து முடிந்துவிடும் என்றும் இல்லை.

2016இல் ஹெகே கிரின்டெமும் குழுவினரும் டெலவேர்–ஓஸ்லோ ஆய்வின் 106 பேரை வைத்துச் சொன்னது எளிமையானது: 9 மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பை ஏறக்குறைய பாதியாக்குகிறது. தசை வலு, ஒற்றைக்காலில் தாவும் தூரம் முதலிய தேர்வுகளில் தேறித் திரும்பியவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கும், தேறாமல் திரும்பியவர்களில் 38.2 விழுக்காட்டினருக்கும் மீண்டும் காயம். முதல் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். அது 18 பேரில் ஒருவர். எண்ணிக்கை சிறிது என்பதால் விகிதத்தைத் தூக்கிப் பிடிக்கத் தயங்குகிறேன், திசையில் ஐயமில்லை. நாள்காட்டி திரும்பிவந்திருக்கிறது, இம்முறை தனியாக வராமல் தேர்வுத்தாளோடு.

தேர்வில் தேறியும் திரும்பாதவர்கள் உண்டு. கிளேர் ஆர்டெர்னும் குழுவினரும் 2014இல் தொகுத்த கணக்கின்படி அறுவை செய்துகொண்டவர்களில் 81 விழுக்காட்டினர் ஏதோ ஒரு விளையாட்டுக்கும், 55 விழுக்காட்டினர் மட்டுமே போட்டி விளையாட்டுக்கும் திரும்பினர். மறுபடி அறுந்துவிடுமோ என்ற பயம் அதில் ஒரு பங்கு வகிக்கிறது. 2008இல் கேட் வெப்ஸ்டர் முதலியோர் அதை அளக்க ஒரு வினாப்பட்டியலே உருவாக்கியிருந்தார்கள்.

அறுவைக்குத் துணையாக நின்ற பயிற்சி, 2010இல் அறுவைக்கே எதிரில் நிறுத்தப்பட்டது. ஸ்வீடனில் ரிச்சர்ட் ஃப்ரோபெல் குழு 121 இளைஞர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது: ஒரு பிரிவுக்கு உடனடி அறுவையும் பயிற்சியும், மற்றதற்குப் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டாண்டு முடிவில் நோயாளிகள் தாமே இட்ட மதிப்பெண்களில் வேறுபாடு இல்லை. இரண்டாம் பிரிவின் 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். ஐந்தாண்டில் அது 30 ஆயிற்று. பாதிப்பேருக்கு அறுவை தேவைப்பட்டது என்றும் படிக்கலாம், பாதிப்பேருக்குத் தேவைப்படவில்லை என்றும் படிக்கலாம். இரண்டு முகாம்களும் தத்தம் பாதியைத்தான் மேற்கோள் காட்டுகின்றன.

இத்தகைய மதிப்பெண்களைத் தரும் படிவங்களும் ஓர் இடத்தில் பிறந்தவைதாம். உலகெங்கும் பயன்படும் ஐ.கே.டி.சி. படிவம் மாடிப்படி ஏறுவது, இறங்குவது, மண்டியிடுவது, குந்துவது, முழங்காலை மடக்கி உட்காருவது, நாற்காலியிலிருந்து எழுவது, நேராக ஓடுவது, தாவிக் குதித்து அடிபட்ட காலில் ஊன்றுவது, சட்டென்று நின்று கிளம்புவது என ஒன்பது செயல்களைக் கேட்கிறது. பந்தியிலும் பூசையிலும் தரையில் அமரும் நம்மூர் நோயாளி ‘சம்மணம் போட்டு உட்காரலாமா?’ என்று கேட்பார். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.